காத்திருக்கும் எலியும் மாறத் தெரிந்த குரங்கும்

(மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த மண்டபத்தில் ஆற்றிய உரை, எழுத்தில்.)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள், மின்விசிறியும் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரோட்டோனின் என்ற பொருள் கூடினால் சந்தோஷம் கூடும் என்று கைத்தொலைபேசியில் நாளுக்கொரு காணொளி வருகிறது. அதை நம்பிவிடாதீர்கள். உடம்பில் இருக்கும் செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது. 1948இல் அதைப் பிரித்தெடுத்தவர்கள் தேடியது இரத்தக் குழாயைச் சுருங்க வைக்கும் ஒரு பொருளைத்தான். மூளையிலும் அது உண்டு என்று பெற்றி ட்வாரோக் என்ற பெண் விஞ்ஞானி காட்டியது 1953இல். மூளைத் தண்டில் ராஃபே என்றொரு சிறிய கலக் கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் நார்கள் மூளையின் ஏறத்தாழ எல்லா மூலைக்கும் போகின்றன. போய்ச் சேரும் இடத்தில் அதைப் பிடிக்கும் வாங்கிகள் 14 வகை. இந்த எண்ணை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஃபுளுவொக்ஸெட்டின், சேர்ட்ரலின், சிட்டலோப்ராம் என்ற மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை. நரம்புக் கலம் வெளியே விட்ட செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்ச விடாமல் தடுக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிறார்கள். சரி, கவனத்துக்கு என்ன செய்யும்? எலியைக் கேட்டுப் பார்ப்போம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ட்ரெவர் ரொபின்ஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 1980களில் ஒரு பெட்டியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வளைந்த சுவரில் வரிசையாக ஐந்து துளைகள், எதிர்ப்பக்கம் தீனித் தட்டு. எலி தட்டைவிட்டுத் திரும்பி வந்து நிற்கும். ஐந்து வினாடி ஒன்றும் நடக்காது. மறுகா ஏதோ ஒரு துளைக்குள் அரை வினாடி வெளிச்சம் மின்னும். எந்தத் துளை என்று பார்த்து அதற்குள் மூக்கை நுழைத்தால் ஓர் உருண்டை தீனி விழும். வெளிச்சம் வருவதற்கு முன்பே மூக்கை விட்டால் தீனி இல்லை, பெட்டி ஐந்து வினாடி இருண்டுவிடும். அந்த ஐந்து வினாடிக்குள் எலி படும் பாட்டைப் பார்க்க வேண்டும்: மீசை துடிக்கும், துளைக்கும் துளைக்கும் இடையில் தலை அலையும், ஆனாலும் நன்கு பழகிய எலி மூக்கை உள்ளே விடாது.

இந்தப் பெட்டியின் அருமை, கவனத்தையும் பொறுமையையும் தனித்தனியே அளக்கலாம் என்பதுதான். வெளிச்சம் வந்த துளையைச் சரியாகக் கண்டுபிடிப்பது கவனம். வரும்வரை சும்மா நிற்பது பொறுமை. எலியின் மூளையில் செரோட்டோனினை வெகுவாகக் குறைத்துப் பார்த்தார்கள். துளையைக் கண்டுபிடிக்கும் திறன் அப்படியே இருந்தது. பொறுமைதான் போய்விட்டது, அவசர மூக்குகள் பெருகின. ஜப்பானின் ஒகினாவாவில் நடந்த ஆய்வில், ராஃபே கலங்களை ஒளியால் தூண்டியபோது எலிகள் தீனிக்காகக் கூடுதல் நேரம் காத்திருந்தன. இரண்டு பக்கமிருந்தும் ஒரே பதில் வருகிறது.

அடுத்தது மனதின் நெகிழ்வு. நேற்றுவரை பலன் தந்தது இன்று தராவிட்டால் அதை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறும் திறன். கல்லடியில் புதுப் பாலம் திறந்த பிறகும், பழைய லேடி மானிங் பாலத்துப் பக்கமே வண்டியைத் திருப்பிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். கேம்பிரிட்ஜிலேயே மார்மோசெட் என்ற சின்னக் குரங்குகளிடம் இதைச் சோதித்தார்கள், 2004இல் வெளியான ஆய்வு. திரையில் இரண்டு வடிவங்கள். ஒன்றைத் தொட்டால் பரிசு, மற்றதைத் தொட்டால் ஒன்றுமில்லை. பழகிய பிறகு பரிசை மற்ற வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள். நெற்றிப் பக்க மூளையில் செரோட்டோனினை இழந்த குரங்குகள் முதல் பாடத்தை நன்றாகவே கற்றவைதான். பரிசு மாறியதும் பழைய வடிவத்தையே தொட்டுக்கொண்டிருந்தன. அதே குழு பின்னர் டோபமின் என்ற இன்னொரு செய்திப் பொருளைக் குறைத்துப் பார்த்தது. அப்போது இப்படி மாட்டிக்கொள்ளவில்லை.

அப்படியானால் செரோட்டோனினைக் கூட்டினால் நெகிழ்வு கூடுமா? இங்கேதான் கதை திருகுகிறது. 2010இல் வெளியான எலி ஆய்வில், சிட்டலோப்ராமைச் சிறிய அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்தபோது மாற்றிக் கற்றல் கெட்டது. பெரிய அளவில் ஒரு தடவை கொடுத்தபோதும் பல நாள் தொடர்ந்து கொடுத்தபோதும் மேம்பட்டது. சிறிய அளவுக்குக் கூறப்படும் விளக்கம் இது: செரோட்டோனினை விடும் கலங்களிலேயே தடுப்பு வாங்கிகள் இருக்கின்றன. சுற்றிலும் கொஞ்சம் கூடியதும் அவை கலத்தின் வாயை அடைத்துவிடுகின்றன. கூட்டப் போனால் குறைகிறது!

இப்போது அந்த 14க்கு வாருங்கள். அவற்றில் 2ஏ, 2சி என்று இரண்டு. 2ஏ வாங்கியை மட்டும் மருந்தால் அடைத்தால் எலியின் பொறுமை கூடுகிறது, ஆனால் பலன் இடம் மாறும்போது பழையதை விட மாட்டேன் என்கிறது. 2சியை அடைத்தால் தலைகீழ்: அவசரக்குடுக்கையாகிறது, ஆனால் மாறுவதில் கெட்டிக்காரனாகிறது. ஒன்றில் கிடைத்த இலாபம் மற்றதில் நட்டமாகிப் போகிறது. மூளையைக் கூர்மையாக்கும் குளிசை என்று யாராவது விற்க வந்தால், எந்த வேலைக்குக் கூர்மை என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல கேள்வி இல்லை.

பேச்சு முடிந்ததும் ஓர் அம்மா எழுந்தார். "மகன் ஓ/எல் சோதனை எடுக்கப் போறான், புத்தகத்தில மனம் நிக்குதில்ல சேர். இந்தக் குளிசை குடுக்கலாமா?" கூடாது அம்மா என்றேன். இது அதற்கான மருந்தில்லை. கவனக்குறைவு நோய் என்று வைத்தியர் உறுதிசெய்த பிள்ளைக்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட், டோபமின், நோரட்ரினலின் என்ற வேறு இரண்டு செய்திப் பொருட்கள் வழியாக வேலை செய்வது. மகனுக்கு முதலில் பார்க்க வேண்டியது தூக்கம். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேட்டேன். அம்மா மகனைப் பார்த்தார், மகன் கூரையைப் பார்த்தார்.

மனச்சோர்வுக்குக் குளிசை எடுப்பவர்களுக்கும் அங்கேயே சொன்னேன்: எலிக் கதையைக் கேட்டுவிட்டு வீட்டில் போய் நிறுத்திவிடாதீர்கள். மாற்றுவதானாலும் நிறுத்துவதானாலும் வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகத்தான்.

கடைசியாகப் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "மனிசரிலயும் அப்படியா சேர்?" நோயில்லாத ஆட்களிடம் பார்த்திருக்கிறார்கள், 2018இல் வெளிவந்தது. சிட்டலோப்ராமின் நெருங்கிய சொந்தமான எசிட்டலோப்ராம், ஒரே ஒரு வேளை, 20 மில்லிகிராம். கையை அடக்கி நிறுத்தும் சோதனையில் அவர்கள் மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பலன் இடம் மாறும் சோதனையில் சறுக்கினார்கள். பல வாரம் தொடர்ந்து எடுக்கும் நோயாளிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்றதும், "அப்ப எலிக்கு மாதிரி நாள் கணக்கும் பார்க்கணும்" என்றார் தம்பி. ஓம், அதுதான்.