ஓய்வுக்காலத்தில் ஒரு கேமரா, ஓர் ஏரி
(ஓய்வு பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

டிஜிட்டல் ஒளிப்படக் கலையைப் பொழுதுபோக்காக மேற்கொள்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்விதான் பலர் மனத்தில் முதலில் எழும்; அதற்கும் வருகிறேன். அதற்கு முன்பாக, ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கும் ஒரு வசதியைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கலைக்கு இன்றியமையாதவை விடியற்காலை வெளிச்சமும், நேற்றுப் போன இடத்துக்கே இன்றும் போய் நிற்கக்கூடிய அவகாசமும் ஆகும். பணியில் இருந்த காலத்தில் அந்த வெளிச்சம் விழும் நேரமெல்லாம் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்திலேயே கழிந்தது. சுற்றுலாப் பயணி ஓர் ஏரியை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஐப்பசி மழையில் அது நிரம்பிக் கலங்கல் வழிவதையும், கோடையில் வெடித்த தரையாகக் கிடப்பதையும் முழுமையாகப் பார்க்க நம்மால்தான் முடியும். ஆகவே ஊர் ஊராகச் சென்று அழகான காட்சிகளைத் தேடுவதைவிட, வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முழுவதும் அதையே படமெடுத்து வாருங்கள் என்பதே உங்கள் முன் நான் வைக்கும் கோரிக்கை.

இந்த வயதில் புதிதாகக் கற்க முடியுமா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கலாம். கொல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையாருக்கு, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தது 1863ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது 48. இரசாயனங்களோடு போராட வேண்டியிருந்த அந்தக் காலத்தில், உருவப்படக் கலையில் இன்றளவும் பேசப்படும் படங்களை அவர் எடுத்தார்; 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த பிறகு அங்கே தோட்டங்களில் உழைத்த மக்களையும் படமெடுத்தார். நம் காலத்திலேயே, ஜப்பானின் குமாமோட்டோ நகரில் வாழ்ந்த கிமிகோ நிஷிமோட்டோ என்ற மூதாட்டி, தம் மூத்த மகன் நடத்திய வகுப்பில் சேர்ந்து 72 வயதில் கேமராவைக் கையில் எடுத்தார்; கணினியில் படங்களைத் திருத்தவும் கற்றுக்கொண்டு, தம்மையே வேடிக்கையான கோலங்களில் படமெடுத்து உலகப் புகழ் பெற்றார்.

டிஜிட்டல் முறை நமக்குச் செய்திருக்கும் உதவியும் சிறிதன்று. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா ஏறத்தாழ 3.6 கிலோ எடை இருந்தது. பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்பேசி ஒரு நொடியில் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பதிகிறது. 36 படங்கள் கொண்ட ஃபிலிம் சுருளை வாங்கி, கழுவுவதற்கும் அச்சிடுவதற்கும் தனித்தனியே பணம் கொடுத்த நம் தலைமுறைக்கு, ஒரு படம் சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம் என்ற சுதந்திரத்தின் அருமை நன்றாகவே தெரியும்.

இனிக் கேமராவுக்கு வருகிறேன். தொலைவில் அமர்ந்திருக்கும் பறவைகளைப் படமெடுக்க விரும்புவோர், பெரிய லென்ஸும் தனிக் கேமராவும் சேர்ந்து இரண்டு மூன்று கிலோவைத் தோளில் சுமப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லென்ஸ் உடலோடு இணைந்த, நீண்ட ஜூம் உள்ள கேமராக்கள் இருக்கின்றன. 2015இல் வெளிவந்த நிக்கான் பி900 கேமராவின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, ஜூமோ, வெகு தொலைவில் உள்ளதையும் அருகில் காட்டும் 2000 மி.மீ. லென்ஸுக்கு இணையானது. இத்தகைய கேமராக்களில் ஒளியைப் பதியும் பாகமான உணரி மிகச் சிறியது என்பதால் மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பது உண்மைதான். எனினும் கழுத்து வலியோடு வீட்டில் வைத்திருக்கும் விலையுயர்ந்த கேமராவைவிட, தினமும் கூடவே வரும் எளிய கேமராவே மேலானது.

நம் வயதில் விலைப்பட்டியலைவிட அதிகக் கவனம் பெற வேண்டியவை கண்ணும் கையும். கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் சிறு சாளரமான வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டோ, அணிந்தபடியோ, எப்படிப் பார்க்கப் போகிறீர்களோ அப்படியே கண்ணை வைத்து, அந்தத் திருகை மெல்லத் திருப்புங்கள். வெளியே தெரியும் காட்சியைப் பார்த்துச் சரிசெய்யாமல், உள்ளே ஓரத்தில் தெரியும் எண்களும் எழுத்துகளும் கூர்மையாகும் வரை திருப்ப வேண்டும். கண்ணைப் பழிப்பதற்கு முன் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும். கை நடுக்கத்தைக் கேமராவே ஓரளவு ஈடுசெய்கிறது. அதோடு முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, ஒரு மரத்திலோ கரைச் சுவரிலோ சாய்ந்துகொள்ளலாம், அல்லது ஒற்றைக்கால் தாங்கியைப் பயன்படுத்தலாம். ஆனால் கேமரா ஈடுசெய்வது நம் கையின் அசைவைத்தான், பறவையின் அசைவை அன்று. பறக்கும் நாரைக்கு ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகவோ (1/1000) அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும்.

வெளிச்சத்தைக் கற்றுக்கொள்ள வெண்கொக்கைவிட நல்ல ஆசான் இல்லை. கேமரா தனக்கு முன்னால் உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே வெளிச்சத்தைக் கணிக்கிறது. கறுத்த நீர்ப்பரப்பில் சிறியதாக ஒரு வெண்கொக்கு நிற்கும்போது, கேமரா கறுப்பை நம்பிப் படத்தை வெளுப்பாக்கிவிடும். கொக்கின் இறகுகள் எல்லாம் கரைந்து, ஒரு வெள்ளைத் திட்டு மட்டுமே மிஞ்சும். அப்படி இழந்த வெண்மையைக் கணினியில் எவராலும் மீட்க முடியாது. கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அழுத்தி, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்தால், கழுத்தோரத்து மெல்லிய இறகுகள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். அதே கொக்கு சட்டகத்தை நிறைத்துக்கொண்டு அருகில் நின்றால், ஒரு படி கூட்ட வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால், கையேட்டின் பாதியைப் படித்ததற்குச் சமம்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதன் பயன் இங்கேதான் தெரியவரும். வேடந்தாங்கலைப் போல நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும் ஓர் ஏரிக்குப் பருவம் முழுவதும் சென்று வருபவர் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வளர்ந்த நாரையின் அலகின் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுகளுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் தோன்றும். ஒரு நாள் மட்டும் போனவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். வேடந்தாங்கல் மக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 1798ஆம் ஆண்டிலேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் அந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பளித்தார் என்பது வரலாறு. அந்த மரபுக்கு உரியவர்களான நாம், ஒரு படத்துக்காகக் கூட்டை நெருங்குவதோ, கல்லெறிந்து பறவைகளைப் பறக்கவிடுவதோ, ஃபிளாஷ் அடிப்பதோ கூடவே கூடாது. தாய்ப்பறவை எழுந்து போய்விட்டால், வெயிலில் கிடக்கும் குஞ்சுக்கு நிழல் தர வேறு யாருமில்லை.

பறவைகளில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் ஏரியில் வேலை இருக்கிறது. அதற்குச் செல்பேசியே போதும். மதகின் மேல் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒரு முறை அதே திசையில் ஒரு படம் எடுத்து வாருங்கள். நீர்மட்டம், ஆகாயத்தாமரையின் பரவல், வரத்துக் கால்வாயை அடைக்கும் குப்பை, கரையோரத்தில் புதிதாக முளைக்கும் கட்டடம் என எல்லாம் தேதியோடு பதிவாகும். 1858ஆம் ஆண்டில் லினேயஸ் டிரைப் என்ற அதிகாரி மதுரையில் எடுத்த படங்களில் வைகையும் தெப்பக்குளமும் இருக்கின்றன; அந்த நூற்றாண்டில் அவை எப்படி இருந்தன என்று இன்று நாம் கண்ணால் காண முடிவது அவர் எடுத்து வைத்ததால்தான். நம் ஊர் ஏரியை அப்படி எடுத்து வைக்க அரசு ஆளனுப்பும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் குறிப்பு இல்லாத படம் சில ஆண்டுகளில் எவருக்கும் பயன்படாது. எந்த ஏரி, எந்தப் பக்கம், என்ன பறவை என்பதை அன்று மாலையே கணினியில் எழுதி வைத்துவிடுங்கள். படங்களில் மோசமானவற்றை அன்றே நீக்கிவிடுவது நல்லது. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பிரித்தெடுக்க யாருக்கும் மனம் வராது. மீதமுள்ளவற்றை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை மகன் அல்லது மகள் வீட்டில் வையுங்கள். மெமரி கார்டு சேமிப்புக் கிடங்கு அன்று. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஆர்வமுள்ள எவரும் அதில் பங்கேற்று, தாம் கண்டதைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் படத்தோடு பதியலாம். பெயர் தெரியாத பறவையானாலும், தெளிவான படம் இருந்தால் அடையாளம் சொல்ல அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால், மேலே சொன்ன பதிவுகள் அத்தனையும் தவறான தேதியோடு போய்ச் சேரும். பேட்டரி நீண்ட நாள் இறங்கிக் கிடந்தால் பல கேமராக்களில் தேதி தானாகவே மாறிவிடுகிறது. எனவே இன்று கேமராவோ செல்பேசியோ கொண்டுவந்திருப்பவர்கள், தேநீருக்குப் பிறகு முன்வரிசை மேசைக்கு வாருங்கள். முதலில் தேதியையும் நேரத்தையும் பார்ப்போம், பிறகு வியூஃபைண்டரின் அந்தத் திருகை அவரவர் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்வோம். நன்றி, வணக்கம்.