விண்டோஸ் 11 ஏற மறுத்தால்

நேயர்களுக்கு வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து பாளையங்கோட்டை டிடிபி கடையானாலும் சரி, அம்பாசமுத்திரம் அரிசி ஆலை அலுவலகமானாலும் சரி, ஒரே புலம்பல்தான்: “பதினொண்ணு ஏற மாட்டேங்குது அண்ணாச்சி!”

‘இந்தக் கணினி தகுதியற்றது’ என்று திரையில் வந்த உடனே புதுக் கணினிக்கு விலை கேட்கப் போய்விடாதீர்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பல கணினிகளில் அது இருக்கிறது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் எழும்பும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனால், இன்டெல் மதர்போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி மதர்போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கிவிட்டால் பாதிப் பேருக்குத் தலைவலி போய்விடும். பிராசஸரே பழசு என்றால் கதை வேறு. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் ஏற்கப்படும்.

பயாஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று, கணினி எழும்பும் பழைய முறையான லெகசியை, விண்டோஸ் 11 கேட்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐ ஆக மாற்றிவிடுவார்கள். ஹார்டு டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், அதன் பிறகு விண்டோஸ் எழும்பவே எழும்பாது. பதறாமல் திரும்ப லெகசிக்கே மாற்றினால் பழையபடி வந்துவிடும். டிஸ்க்கை யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி பிரிப்பு முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. முதலில் அதை ஓட்டிவிட்டு, அப்புறம் யூஇஎஃப்ஐக்கு மாற வேண்டும். பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இருந்தால் நல்லது.

சரி, தகுதி உண்டு, ஆனால் பாதியில் நின்று பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறதா? பிழை எண் 80070070 என்று முடிந்தால் சி டிரைவில் இடமில்லை என்று பொருள். சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர், அதாவது சாதனங்களை இயக்கும் மென்பொருளின் கோளாறு. பிரின்டர், ஸ்கேனர், பென் டிரைவ், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். வேறு நிறுவன ஆன்டிவைரஸ் இருந்தால் அதையும் தற்காலிகமாக நீக்குங்கள். சதவீதம் அசையாமல் நிற்கிறதே என்று சுவிட்சை அணைப்பதுதான் பெரிய கெடுதல். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் இடி முழங்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நம் யூபிஎஸ் பேட்டரிகளின் லட்சணம் நமக்குத் தெரியாததா?

பழைய வகையான 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அப்படியே ஏற்றும் வழி கிடையாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அப்போது சி டிரைவ் துடைக்கப்படும். டெஸ்க்டாப்பில் தெரியும் கோப்புகளும் வழக்கமாக அந்த சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை டிசைன்கள், தமிழ் எழுத்துருக்கள், கணக்குப் பதிவுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

அப்படியே ஏற்றியவர்களுக்கு, பழைய பிரின்டர் ஒத்துவரவில்லை என்றால், செட்டிங்ஸில் ரெகவரி பகுதி வழியாக 10 நாளுக்குள் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அதுவரை ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற கோப்புறையை, இடம் அடைக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். வணக்கம்.