தராசை விண்டோஸிடம் ஒப்படைத்தல்: மெய்நிகர் இயந்திரத்துக்கு யூஎஸ்பி அட்டையைக் கொடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்

[திரையில்: தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம். மேசையில் ஒரு கணினி; அதிலிருந்து தராசுக்குச் செல்லும் யூஎஸ்பி வயர்.]

வணக்கம். இலங்கையின் மலைநாட்டில், தலவாக்கலைக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பது ஒரே ஒரு நல்ல கணினி. அதில் லினக்ஸ் ஓடுகிறது. அலுவலகக் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆனால் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் மின்னணுத் தராசின் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். இரண்டாவது கணினி வாங்குவதற்குப் பதிலாக, லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது மென்பொருளால் ஆன இன்னொரு கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸை நிறுவி, தராசு இணைந்திருக்கும் யூஎஸ்பி அட்டையை முழுமையாக அதனிடம் ஒப்படைக்கலாம். இதைத்தான் பாஸ்த்ரூ என்கிறோம். அந்த ஒப்படைப்பைச் செய்யும் ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பை எப்படி எழுதுவது என்பதே இந்த வீடியோவின் விடயம். கட்டளைகளின் எழுத்துவடிவத்தைத் திரையில் காண்பீர்கள். அவை ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்பதை நான் சொல்கிறேன்.

தராசை மட்டும் தனி யூஎஸ்பி சாதனமாகக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அது எளிது, சில இடங்களில் போதும். ஆனால் தராசின் மின்சாரம் ஒரு கணம் துண்டித்து மீண்டும் வந்தால், ஹோஸ்ட், அதாவது லினக்ஸ் ஓடும் உண்மைக் கணினி, அதற்குப் புதிய சாதன எண்ணைக் கொடுத்துவிடும். மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்ற மென்பொருள் வழியாகக் கொடுக்கப்பட்ட சாதனம் பொதுவாகத் தானாக விண்டோஸுக்குத் திரும்புவதில்லை. மாறாக, தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் ஒரு யூஎஸ்பி அட்டையைச் செருகி, அந்த அட்டையையே கொடுத்துவிட்டால், தராசு கழன்றாலும் சேர்ந்தாலும் அதை நேரடியாகக் கவனிப்பது விண்டோஸ்தான். பிற்பகல் இடிமழையும் மின்தடையும் வழக்கமாக உள்ள நம் மலைநாட்டில், அட்டையை முழுதாகக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

[திரையில்: செயலி, நினைவகம், யூஎஸ்பி அட்டை, நடுவே ஐஓஎம்எம்யூ.]

ஓர் அட்டை, செயலியின் உதவியின்றி நினைவகத்தில் தானே எழுதக்கூடியது. எனவே அதை மெய்நிகர் இயந்திரத்திடம் கொடுக்கும்போது, அந்த இயந்திரத்துக்கு ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே அது எழுதாதபடி ஒரு தடுப்பு வேண்டும். ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் பகுதி அந்த வேலையைச் செய்கிறது. இன்டெல் இதை விடி-டி என்றும், ஏஎம்டி இதை ஏஎம்டி-விஐ என்றும் அழைக்கின்றன. மெய்நிகராக்கத்துக்கான கேவிஎம் 2007 இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.6.20 பதிப்புடன் வந்தது. அட்டைகளைப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ, ரெட் ஹாட் நிறுவனத்தின் அலெக்ஸ் வில்லியம்சனின் முயற்சியில், 2012 இல் 3.6 கர்னலில் இணைந்தது. நம் ஸ்கிரிப்ட் பேசப்போவது இந்த விஎஃப்ஐஓவுடன்தான்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒப்படைக்கும் செயல் மூன்று வரிகளில் முடிந்துவிடும். ஸ்கிரிப்டின் மீதி முழுவதும், ஒப்படைக்கலாமா என்று சோதிப்பதற்கும், ஒப்படைத்ததைத் திரும்பப் பெறுவதற்கும் செலவாக வேண்டும். அந்த மூன்று வரிகளை மட்டும் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணினால், மேசையில் வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் ஓடும், தொழிற்சாலையில் ஓடாது.

முதல் சோதனை, ஐஓஎம்எம்யூ இயங்குகிறதா என்பது. நம் ஊர்களில் பெரும்பாலும் பாவித்த கணினிகளையே வாங்குகிறோம். வாங்கும்போது செயலியின் பெயரைக் கடைசி எழுத்து வரை பாருங்கள். இன்டெலின் ஐ7-2600 இல் விடி-டி உண்டு. பெயரின் இறுதியில் கே சேர்ந்த ஐ7-2600கே, விலை கூடியதாக வெளிவந்தும், அதில் விடி-டி இல்லை. செயலியில் இருந்தாலும், கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில் அதை இயக்கியிருக்க வேண்டும். இன்டெல் கணினியாயின் கர்னலின் தொடக்க வரியிலும் அதைக் குறிப்பிட வேண்டி வரலாம். பழைய தாய்ப்பலகையின் சிறு பற்றரி செத்துப்போயிருந்தால், நீண்ட மின்தடைக்குப் பின் பயோஸ் தன் தொடக்க அமைப்புகளுக்குத் திரும்பி, நீங்கள் இயக்கிவைத்த விடி-டியை அணைத்துவிடக்கூடும். அதனால், நேற்று ஓடியது என்பதை ஸ்கிரிப்ட் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும், வன்பொருளின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையின் கர்னல் பகுதியில் உள்ள ஐஓஎம்எம்யூ குழுக் கோப்புறை வெறுமையாக உள்ளதா என்று பார்த்து, வெறுமையாக இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இங்கே ஷெல்லின் ஒரு குணத்தைக் கவனியுங்கள். வெறுமையான கோப்புறையில் நட்சத்திரக் குறியிட்டு ஒரு சுற்றை ஓடவிட்டால், அந்த நட்சத்திரத்தையே ஒரு கோப்பின் பெயராக எண்ணி ஷெல் ஒரு முறை சுற்றிவிடும். சோதனை பொய்யாகத் தேறிவிடும். பாஷ் என்ற ஷெல்லில் நல்குளொப் என்ற அமைப்பை இயக்கினால் இது நேராது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் எஸ்எச் என்ற பெயரில் இருப்பது டாஷ் என்ற வேறு ஷெல். அதில் இந்த அமைப்பும் இல்லை, பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் அணிகளும் இல்லை. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே குறிப்பிடுங்கள்.

[திரையில்: பிசிஐ முகவரி ஒன்று, நான்கு பகுதிகளாகப் பிரித்து.]

அடுத்தது, அட்டையைக் கண்டுபிடிப்பது. அதன் பிசிஐ முகவரியை ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதிவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஆனால் வேறொரு துளையில் புதிய அட்டை ஒன்று ஏறினால், பஸ் எண்கள் நகர்ந்து, பழைய முகவரியில் வலையமைப்பு அட்டை வந்து அமர்ந்துவிடலாம். ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் கோப்புறையிலும் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் தனித்தனிக் கோப்புகளாக உள்ளன. இன்டெலின் எண் 8086, யூஎஸ்பி அட்டைகளில் அடிக்கடி காணும் ரெனெசாஸின் எண் 1912. இவற்றைக் கொண்டு தேடி, சரியாக ஒரே ஒரு சாதனம் கிடைத்தால் மட்டும் மேலே செல்லுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும், இரண்டு கிடைத்தாலும், நிறுத்துவதே முறை.

கிடைத்த அட்டை எந்த ஐஓஎம்எம்யூ குழுவில் உள்ளது என்பதை அதன் கோப்புறையில் உள்ள இணைப்பு காட்டும். ஒரு குழு முழுவதையும் சேர்த்தே ஒப்படைக்க முடியும். வன்பொருளால் அதன் சாதனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காக்க முடியாது என்பதே குழுவின் பொருள். எனவே குழுவின் ஒவ்வோர் உறுப்பினரையும் சுற்றிப் பார்த்து, நம் அட்டையையும், வகை எண் 0604 இல் தொடங்கும் பிசிஐ பாலங்களையும் மட்டும் விட்டுவிட்டு, வேறு ஏதேனும் இருந்தால் நிற்க வேண்டும். அப்படி நின்றால் அட்டையை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். குழுக்களைப் பலவந்தமாகப் பிரிக்கும் ஏசிஎஸ் பேட்ச் என்ற கர்னல் திருத்தம் ஒன்று இணையத்தில் உலவுகிறது. அது கர்னலின் மூல நிரலில் ஏற்கப்படவில்லை, அது தரும் பிரிவும் உண்மையான பாதுகாப்பன்று. பிறர் சம்பளக் கணக்கு இருக்கும் கணினியில் அதைப் போட வேண்டாம்.

இனி வருவதுதான் பலரும் எழுதாமல் விடும் சோதனை: அந்த அட்டையில் இப்போது என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது? யாராவது அதன் துளை ஒன்றில் பேக்கப் எடுக்கும் வெளிவட்டைச் செருகியிருக்கலாம். அட்டையை ஹோஸ்டிடமிருந்து பிடுங்கிய கணத்தில் அந்த வட்டு, எழுதிக்கொண்டிருந்த கோப்போடு மறைந்துவிடும். இதைக் கண்டறிய அழகான வழி ஒன்று உண்டு. சிஸ் கோப்பு முறைமையின் பிளாக் கோப்புறையில் ஒவ்வொரு வட்டும் ஓர் இணைப்பாக இருக்கிறது. ரீட்லிங்க் கட்டளையால் அதன் உண்மையான பாதையை விரித்தால், அந்த வட்டு எந்தெந்தப் பாலங்களையும் அட்டையையும் கடந்து வருகிறது என்பது முழுதாகத் தெரியும். அந்தப் பாதையில் நம் அட்டையின் முகவரி இருந்தால், வட்டு நம் அட்டையில்தான் உள்ளது. அது மௌண்ட் ஆகி, அதாவது பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டு, உள்ளதா என்று நான் பார்ப்பதில்லை; வட்டு இருந்தாலே நிறுத்திவிடுகிறேன், ஏனெனில் சோதனைக்கும் ஒப்படைப்புக்கும் இடையில் யாரும் அதைத் திறக்கக்கூடும்.

இதே சோதனையை வலையமைப்பு இடைமுகங்களுக்கும் செய்யுங்கள். தோட்டப் பக்கங்களில் இணையத்துக்கு யூஎஸ்பி டொங்கிளை நம்பியிருக்கும் அலுவலகங்கள் உண்டு. நீங்கள் அட்டன் நகரில் இருந்துகொண்டு அந்த டொங்கிள் வழியாகவே தொலைவிலிருந்து நுழைந்து ஸ்கிரிப்டை ஓட்டினால், உங்கள் தொடர்பையே அறுத்துக்கொள்வீர்கள். பிறகு மலை ஏறிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

[திரையில்: ஸ்கிரிப்டின் ஒப்படைக்கும் பகுதி.]

சோதனைகள் தேறியபின், கோப்புகளில் எழுதும் அந்த மூன்று வரிகள். 2014 இல் 3.16 கர்னலில் வந்த டிரைவர் ஓவர்ரைட் கோப்பில் விஎஃப்ஐஓ-பிசிஐ என்று எழுதுகிறோம். இப்போதைய டிரைவரிடமிருந்து அட்டையை விடுவிக்க, அதன் அன்பைண்ட் கோப்பில் அட்டையின் முகவரியை எழுதுகிறோம். அட்டைக்கு உரிய டிரைவரைக் கர்னல் மறுபடி தேட, டிரைவர்ஸ் புரோப் கோப்பில் அதே முகவரியை மீண்டும் எழுதுகிறோம். பழைய நியூ ஐடி முறை, ஒரே எண்ணுள்ள எல்லா அட்டைகளையும் விஎஃப்ஐஓவிடம் கொண்டுபோகக்கூடியது, அதைத் தவிருங்கள். நிர்வாகி அனுமதியைத் தரும் சூடோவுடன் எக்கோ போட்டு, வெளியீட்டை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் எழுத அனுமதி கிடைக்காது, ஏனெனில் கோப்பைத் திறப்பது சூடோ அன்று, உங்கள் சாதாரண ஷெல். ஸ்கிரிப்டை முழுவதுமாக ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, ஓட்டுங்கள், அல்லது கோப்பில் எழுதச் சூடோவுடன் டீ கட்டளையைப் பயன்படுத்துங்கள். எழுதி முடித்ததும், டிரைவர் இணைப்பு உண்மையில் விஎஃப்ஐஓவைக் காட்டுகிறதா என்று படித்துப் பாருங்கள். எழுதுவது வெற்றி பெற்றது என்பதால் டிரைவர் ஏறிவிட்டது என்று ஆகாது.

இரண்டாவது வரிக்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஏதேனும் தவறினால், அட்டை எந்த டிரைவரிடமும் இல்லாமல் நின்றுவிடும். ஆகவே முதல் வரிக்கு முன்பே, ஸ்கிரிப்ட் இடையில் நின்றால் தானே ஓடும்படி, டிராப் (trap) கட்டளையால் திரும்பப் பெறும் செயல்கூற்றைப் பதிந்துவையுங்கள். எல்லாம் தேறியபின் மட்டும் அந்தப் பதிவை நீக்குங்கள். திரும்பப் பெறும்போது ஓவர்ரைட் கோப்பை முதலில் வெறுமையாக்க வேண்டும். மறந்தால் புரோப் செய்தவுடன் அட்டை மறுபடியும் விஎஃப்ஐஓவிடமே போய்ச்சேரும். மெய்நிகர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது விஎஃப்ஐஓவை அன்பைண்ட் செய்தால், இயந்திரம் அட்டையை விடும்வரை அந்த வரி தொங்கி நிற்கக்கூடும். இயந்திரம் நின்றுவிட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகே அதைச் செய்யுங்கள்.

லிப்விர்ட்டைப் பயன்படுத்துவோர் ஓர் இலகுவான பாதையை எடுக்கலாம். அதன் மேனேஜ்ட் முறை, மாற்றிக் கொடுப்பதையும் திரும்பப் பெறுவதையும் தானே செய்யும், அதை நம்பலாம். ஆனால் வெளிவட்டையும் டொங்கிளையும் பற்றிய கேள்விகளை நீங்கள்தான் கேட்க வேண்டும். அந்தச் சோதனைகளை, இயந்திரம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் லிப்விர்ட் தானே அழைக்கும் ஸ்கிரிப்டாக (இதுவே ஹூக்), அதன் ஹூக்ஸ் கோப்புறையில் கியூஎமு என்ற பெயரில் வையுங்கள். முதல் தடவை வைத்தபின் லிப்விர்ட் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இயந்திரத்தின் பெயரும் கட்டமும் அந்த ஸ்கிரிப்டுக்கு அளவுருக்களாக வரும். எல்லா இயந்திரங்களுக்கும் அதே ஸ்கிரிப்ட் அழைக்கப்படுவதால் பெயரை முதலில் சரிபாருங்கள். இயந்திரம் தொடங்குவதற்கு முந்தைய பிரிபேர் கட்டத்தில் பூச்சியம் அல்லாத முடிவைத் திருப்பினால் இயந்திரம் தொடங்காது. ஹூக்குக்குள்ளிருந்து, லிப்விர்ட்டை இயக்கும் விர்ஷ் கட்டளைகளை அழைக்க வேண்டாம். ஹூக்கும் லிப்விர்ட்டும் ஒன்றுக்கொன்று காத்திருந்து உறைந்துபோகக்கூடும்.

நினைவகத்தையும் கவனத்தில் வையுங்கள்: அட்டை கொடுக்கப்பட்ட இயந்திரத்தின் நினைவகம் முழுவதும் தொடக்கத்திலேயே பூட்டப்பட்டுவிடும். 8 ஜிபி உள்ள கணினியில் விண்டோஸுக்கு 4 ஜிபி கொடுத்தால், மீதியில்தான் லினக்ஸ் வாழ வேண்டும்.

[திரையில்: பிழைச் செய்தி ஒன்று, தமிழில்.]

ஒவ்வொரு சோதனையும் நிற்கும் இடத்தில், நின்றதற்கான காரணத்தைத் தமிழில், முழு வாக்கியமாக எழுதுங்கள். பின்னேரம் கொழுந்து வந்து இறங்கும் வேளையில் கணினியின் முன் இருப்பவர் நிறுவைக் கணக்கெழுதுபவர். நீங்கள் தொலைபேசியில் இருப்பீர்கள். பிழைக் குறியீடு ஒன்றை அவர் எழுத்துக்கூட்டிச் சொல்வதைவிட, ‘தராசின் யூஎஸ்பி அட்டையில் வெளிவட்டு ஒன்று செருகப்பட்டுள்ளது, அதைப் பாதுகாப்பாகக் கழற்றிவிட்டு விண்டோஸை மீண்டும் தொடங்கவும்’ என்ற வரியைத் திரையில் படித்து, உங்களை அழைக்காமலே அவர் வேலையைத் தொடரலாம்.