மாற்றாள் இல்லாத நால்வர்

நேயர்களுக்கு வணக்கம்.

மேலை நாட்டுச் செவ்வியல் இசையில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு தந்திக் கருவிகள் சேர்ந்து வாசிக்கும் அமைப்பை நால்வர் குழு என்கிறோம். அதை நடத்துவதற்குக் கோலேந்திய தலைவர் இல்லை. பக்கவாத்தியம் என்று ஒதுங்கி அமர்பவரும் இல்லை. இத்தகைய குழுக்களில் காலப்போக்கில் ஒருவர் விலக, இன்னொருவர் வந்து சேர்வது சாதாரணம். ஆனால் 1947-இல் இங்கிலாந்தில் உருவான அமாடியஸ் குழுவில், 40 ஆண்டுகளில் ஒருவர்கூட மாறவில்லை.

முதல் வயலின் நார்பர்ட் பிரைனின், இரண்டாம் வயலின் சிக்மண்ட் நிசல், வயோலா பீட்டர் ஷிட்லோஃப், செல்லோ மார்ட்டின் லவெட். லவெட் இலண்டனில் பிறந்தவர். மற்ற மூவரும், 1938-இல் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனி விழுங்கியபோது, யூதர்கள் என்பதால் பிரிட்டனுக்குத் தப்பி வந்த சிறுவர்கள். அடைக்கலம் தந்த அதே நாடு 1940-இல், போர்ப் பதற்றத்தில், அவர்களை எதிரி நாட்டினர் என்று கணக்கிட்டு முகாம்களில் அடைத்தது. அப்போது அவர்களுக்கு வயது 17, 18. இங்கிலாந்தின் ஷிராப்ஷயரில் இருந்த ஒரு முகாமில் பிரைனினும் ஷிட்லோஃபும் சந்தித்தனர். பிறகு மேன் தீவுக்கு அனுப்பப்பட்ட ஷிட்லோஃப், அங்கே நிசலைக் கண்டார். நாஜிகளுக்கு அஞ்சி ஓடி வந்த பிள்ளைகளை நாஜிகளின் நாட்டவராகவே எண்ணிப் பூட்டிவைத்த அந்த அநீதியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. விடுதலைக்குப் பின் மூவரும் மாக்ஸ் ரோஸ்டல் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தனர். அவர் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் குடியேறியவர். இவர்களிடம் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார்.

மூவருமே வயலின் கலைஞர்கள் என்பதே அவர்கள் எதிர்கொண்ட சிக்கல். நால்வர் குழுவில் வயலினுக்கு இரண்டு இடங்கள்தான் உண்டு. ஷிட்லோஃப் வயலினை வைத்துவிட்டு வயோலாவை எடுத்தார். இதைச் சிறிய மாற்றம் என்று கருதிவிடலாகாது. வயோலா உருவில் பெரியது; வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே சுருதி சேர்க்கப்படுவது; விரல்கள் அகன்று விழ வேண்டும், வில்லின் அழுத்தம் மாற வேண்டும், இசைக்குறிப்பைக்கூட வேறு முறையில் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே ஒளிரும் மெட்டை விட்டுக்கொடுத்து, நடுவில் நின்று பாடும் மனம் வேண்டும். அந்த மனத்தால்தான் இக்குழுவின் நாதத்துக்கு அத்தனை இளஞ்சூடு வாய்த்தது என்பது என் உறுதியான எண்ணம்.

1947 கோடையில் இங்கிலாந்தின் டார்டிங்டனில் பிரைனின் குழு என்ற பெயரில் வாசித்தவர்கள், 1948 ஜனவரி 10 அன்று இலண்டன் விக்மோர் அரங்கில் அமாடியஸ் என்ற பெயரோடு மேடையேறினர். இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் நடுப்பெயரே அது. அந்தக் கச்சேரிக்குப் பொருளுதவி செய்தவர், இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்டின் மகளான இமோஜன் ஹோல்ஸ்ட். அதன்பின் பல நாடுகளில் கச்சேரிகள், டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காக ஏராளமான இசைத்தட்டுகள், பேத்தோவன் நால்வருக்கென எழுதிய படைப்புகள் முழுவதன் பதிவு என்று ஆண்டுகள் நிறைந்தன.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1975-இல், உடல் மிகத் தளர்ந்திருந்த நிலையில், தம் மூன்றாம் நால்வர் படைப்பை இவர்களுக்காக எழுதி முடித்தார். அதை அவர் காணிக்கையாக்கியது ஹான்ஸ் கெல்லர் என்னும் விமர்சகருக்கு. வியன்னாவிலிருந்து தப்பி வந்து, அதே மேன் தீவில் அடைபட்டிருந்தவர் அவர். 1976 டிசம்பர் 4 அன்று பிரிட்டன் மறைந்தார். 15 நாட்கள் கழித்து, டிசம்பர் 19 அன்று, ஸ்நேப் மால்டிங்ஸ் அரங்கில் அமாடியஸ் குழு அதை முதன்முறையாக அரங்கேற்றியது.

1987 ஆகஸ்டில் ஷிட்லோஃப் காலமானார். வயோலாவுக்கு வேறு ஒருவரைத் தேடாமல், மற்ற மூவரும் குழுவைக் கலைத்துவிட்டனர். பிரைனின் 2005-இலும், நிசல் 2008-இலும், லவெட் 2020-இலும் மறைந்தனர்.

மோட்சார்ட்டும் வயோலா வாசிப்பதில் விருப்பம் கொண்டவர். இரண்டு வயோலாக்களுக்கு இடம் தந்து ஐவர் இசைப் படைப்புகளை எழுதியவர். அவற்றை அமாடியஸ் குழு, சிசில் ஆரோனோவிட்ஸை இரண்டாம் வயோலாவுக்கு அழைத்துப் பதிவுசெய்திருக்கிறது. அவற்றுள் ஜி மைனர் என்னும் ஸ்வர அமைப்பில் அமைந்ததைக் கேட்கும்போது, முதல் வயலினை மட்டும் பின்தொடராமல், நடுவில் ஒலிக்கும் ஷிட்லோஃபின் குரலுக்கும் செவி கொடுங்கள். வணக்கம்.