பிளேடை எண்ணுங்கள்

நண்பர்களே, திரையில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். இரண்டு என்ஜின், பின்னால் நீளும் இரண்டு வால்தண்டு, நடுவே விமானி உட்காரும் சின்னக் கூடு. 'லாக்ஹீட் பி-38 தானே' என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன்.

சரி, சக்கரத்தின் பக்கத்தில் நிற்கும் ஆளைக் கவனியுங்கள். அவர் ஏன் இவ்வளவு குட்டியாகத் தெரிகிறார்? பி-38 சண்டை விமானத்தின் இறக்கை முனைக்கு முனை சுமார் 16 மீட்டர். இதற்கோ கிட்டத்தட்ட 31. இது ஹ்யூஸ் எக்ஸ்எஃப்-11. உயரத்தில் பறந்து எதிரி நிலத்தைப் படமெடுக்க அமெரிக்க ராணுவம் 1943இல் 100 கேட்டது. போர் முடிந்துவிட, உருவானவை இரண்டே இரண்டு.

எஃப் என்றதும் சண்டை விமானம் என்று முடிவுகட்ட வேண்டாம். அன்றைக்குச் சண்டை விமானத்துக்கு 'பி' (P), புகைப்பட உளவுக்குத்தான் 'எஃப்' (F). 1948இல் எழுத்துகளை மாற்றியபோது இதுவும் எக்ஸ்ஆர்-11 ஆகிவிட்டது.

இரண்டில் இது எது? பிளேடை எண்ணினால் போதும். முதல் விமானத்தில் ஒவ்வொரு என்ஜினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர், எதிரெதிராகச் சுழலும். ஒன்றுக்கு நான்கு பிளேடு வீதம் மொத்தம் 16. இரண்டாவதில் என்ஜினுக்கு ஒரே புரொப்பெல்லர், மொத்தம் எட்டுதான்.

ஏன் குறைந்தது? 1946 ஜூலை 7 அன்று நிறுவனத்தின் முதலாளி ஹோவர்ட் ஹ்யூஸ் தானே ஓட்டிப் பார்த்தார். வலது என்ஜினின் பின் புரொப்பெல்லரில் எண்ணெய் கசிந்து, பிளேடுகளின் கோணம் தலைகீழானது. முன்னே இழுக்க வேண்டியது பின்னே தள்ளியது. விமானம் பெவர்லி ஹில்ஸ் வீடுகளின் மேல் விழுந்து எரிந்தது. பலத்த காயங்களோடு மனிதர் பிழைத்துவிட்டார். அப்புறம் 1947 ஏப்ரல் 5 அன்று இரண்டாவது விமானத்தையும் அவரேதான் ஓட்டினார், சாதாரணப் புரொப்பெல்லரோடு! ஆகவே 16 பிளேடு தெரியும் முழு விமானத்தின் படம், அந்த ஜூலை 7க்குப் பிந்தியதாக இருக்கவே முடியாது.

இதன் போட்டியாளர் ரிப்பப்ளிக் எக்ஸ்எஃப்-12 ரெயின்போ. அதே 28 சிலிண்டர் என்ஜின், ஆனால் நான்கு. கூர்மூக்கு, சுருட்டுபோல் மெலிந்த உடல். என் கண்ணுக்கு அந்தக் காலத்தின் மிக அழகான விமானம் அதுதான். 1948 செப்டம்பர் 1 அன்று மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை நாட்டையே தொடர்ச்சியாகப் படமெடுத்துக்கொண்டு பறந்தது. அதுவும் இரண்டோடு சரி.

கடைசியாக ஜெர்மானிய உளவு விமான விசித்திரம், ப்ளோம் உண்ட் ஃபாஸ் பிவி 141. 1938இல் முதலில் பறந்தது. என்ஜினும் வாலும் ஒரு தண்டில். ஆட்கள் உட்காரும் கண்ணாடிக் கூடு தனியாக, இறக்கையில் வலப்பக்கம். பிந்தைய 'பி' (B) வகையில் பின்புறச் சுடுநருக்குப் பார்வை மறைக்காதபடி வாலின் வலது பாதியையே ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். கூடு இடப்பக்கம் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை ஒரு படத்தின் பின்னால் பேனாவால் எழுதிவைத்தேன். மறுநாள் பார்த்தால், படத்தில் எழுத்துகள் எல்லாம் நேராகவே இருந்தன. கேமராக்காரர் விமானத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.