பனியா, பாஸ்போர்ட்டா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். நார்வேயின் ஃபிரிட்ஜோஃப் நான்சென் பெயர் நிலைத்திருப்பது துருவப் பயணத்தாலா, அகதிகளுக்குச் செய்த பணியாலா என்பது தலைப்பு. அகதிப் பணியால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நம்மையெல்லாம் குளிரில் நடுங்கவிட்டுப் போயிருக்கிறார். 1888இல் கிரீன்லாந்துப் பனியைச் சறுக்கியே கடந்தது, பிராம் கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் சிக்கவைத்து மிதந்தது, வால்ரஸ் தோல் கூரைக்குக் கீழே கரடிக்கறி தின்று குளிர்காலத்தைத் தள்ளியது எல்லாம் உண்மை. நானும் கைதட்டினேன். ஆனால் 1895இல் வடதுருவத்தை நோக்கிப் போய் அவர் தொட்ட 86 டிகிரி வட அட்சரேகைச் சாதனை எத்தனை நாள் நின்றது? 1900இல் இத்தாலிக்காரர் காக்னி இன்னும் வடக்கே போய்விட்டார். ஐந்தே வருடம்!

அப்புறம் 1920க்கு வாருங்கள். உலகப் போர் முடிந்தும் லட்சக்கணக்கான போர்க்கைதிகள் ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் முடங்கிக் கிடந்தார்கள். அவர்களை ஊருக்கு அனுப்பும் வேலையை நான்செனிடம் கொடுத்தது, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம். அந்தச் சங்கத்தோடு பேசவே மாட்டோம் என்றது சோவியத் அரசு. நான்செனோடு பேசியது. 1922க்குள் 4 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

“துருவப் புகழ் இல்லையென்றால் யார் மதித்திருப்பார்கள்?” என்று கேட்டார் நண்பர். நல்ல கேள்வி. 1921இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் பஞ்சம். ஜெனீவாவில் எழுந்து நின்று, ஐம்பது லட்சம் பவுண்டு கடன் கொடுங்கள் என்று அரசுகளிடம் கெஞ்சினார். ரஷ்யாவை ஆண்ட கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகளுக்கு உதவியதாகிவிடும் என்று கையை விரித்துவிட்டார்கள். அதே நான்சென், அதே புகழ்! ஒரு பைசா பெயரவில்லை. அதற்கப்புறம் பஞ்சப் பகுதிக்கே போய், படங்களோடு திரும்பி, ஊர் ஊராகப் பேசித் தனியாரிடம் நிதி திரட்டினார். அங்கே வேலை செய்தது புகழா, பிடிவாதமா?

இனி அந்தத் தாளைப் பார்ப்போம். 1921 கடைசியில் லெனின் அரசு, நாட்டைவிட்டுப் போனவர்களின் குடியுரிமையைப் பறித்தது. ரயிலேற வேண்டும், எல்லை தாண்ட வேண்டும், கையில் எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. இப்படி நாடற்றுப் போனவர்களுக்கான பயணத் தாளாக 1922இல் வந்தது நான்சென் பாஸ்போர்ட். அது குடியுரிமை தரவில்லை. ஆரம்பத்தில், கொடுத்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக்கூடத் தரவில்லை. இருந்தாலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றன. பின்னாளில் வசதி உள்ளவர்கள் ஐந்து தங்க பிராங்குக்கு ஒரு முத்திரை வில்லை வாங்கி அதில் ஒட்டினார்கள். அந்தப் பணம் மற்ற அகதிகளுக்குப் போனது. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் சகால் கையிலும் அந்தத் தாள் இருந்தது. பாரிஸில் டாக்சி ஓட்டிய பெயர் தெரியாத ரஷ்யர்களுக்கும் அதுதான் கதி.

எழுத்தாளர் நான்செனைப் பற்றியும் கேட்பீர்கள். பனிக்கடலைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கிய அதே பேனா, கடைசிக் காலத்தில் அர்மேனியர்களின் துயரத்தை எழுதியது. 1922இல் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தவர்கள் அவருடைய நார்வேக்காரர்கள்தான். பனிச்சறுக்குக்காக அல்ல.

அடுத்து வரும் எதிரணி நண்பர் 1923ஐ எடுப்பார்: கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு நான்சென் துணைபோனார், பதினைந்து லட்சம் பேர் பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்க்கப்பட்டார்கள் என்று. எடுக்கட்டும். அதில் அவர் செய்தது சரி என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்தக் குற்றத்தைச் சொல்ல வாயெடுத்த நிமிடமே, இவரை மனிதர்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று என் கட்சிக்கு வந்துவிடுகிறீர்களே நண்பரே! நன்றி, வணக்கம்.