மாத்திரைக் குப்பியும் முருங்கைப் போத்தும்

அவைத் தலைவர் அவர்களே, தொண்டிப் பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஜமாத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கடலுக்குப் போகாமல் வந்திருக்கும் மீனவச் சகோதரர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை வேண்டாமென்று பருத்தித் துண்டு போர்த்திய தலைமையாசிரியை அவர்களுக்குத் தனி நன்றி. இந்தப் புழுக்கத்துக்கு அதுதான் உதவும்.

காய்கறியும் புற்றுநோயும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். கோஸ், மாத்திரை, மஞ்சள் என மூன்று செய்திகள் சொல்வேன். 'முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான்' என்ற பழமொழிக்குள் மூன்றும் அடக்கம். வயதானாலும் கையில் கோல் இல்லாமல் நடப்பான் என்று பொருள்.

கோஸ், முள்ளங்கி, கடுகு, நம் முருங்கை எல்லாவற்றிலும் ஒரு கந்தகச் சேர்மம் உண்டு. நறுக்கினாலோ மென்றாலோ அது பக்கத்திலிருக்கும் நொதியோடு, அதாவது என்சைமோடு, கலந்து ஐசோதயோசயனேட் என்ற காரமான பொருளாக மாறுகிறது. பிராக்கோலியில் அப்படி உண்டாகும் சல்ஃபோராபேன் என்ற பொருளை 1992இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலே என்ற ஆய்வாளரின் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். நச்சை முறிக்கும் உடம்பின் நொதிகளை அது தூண்டுகிறது. சோதனைக் குழாயிலும் எலியிலும் கண்டதுதான் அதிகம். இதைத் தின்றால் புற்றுநோய் தீரும் என்பவரை நம்பாதீர்கள், வைத்தியம் ஆஸ்பத்திரியில்தான். தாய்மார்களுக்கு ஒன்று: நறுக்கிய கோஸை உடனே கொதிநீரில் போடாமல் அரைமணி நேரம் வைத்திருங்கள். கொதியில் அந்த நொதி கெட்டுவிடும்.

அடுத்து மாத்திரை. எனக்கு அண்ணன் முறையுள்ள ஒருவர், துபாயிலுள்ள மகனிடம் சொல்லி முருங்கையிலை மாத்திரை வரவழைத்தார். தங்க எழுத்துப் போட்ட குப்பி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கொல்லையிலோ காற்றில் ஒடிந்த முருங்கைக் கிளை வேலிமேல் கிடக்கிறது, ஆடு தின்கிறது. குப்பி தீர்ந்ததும் மகனிடம் போனில் ஒரே சத்தம். திண்ணையில் கீரை உருவிக்கொண்டிருந்த மதினி நிமிரவே இல்லை. "நம் ஆடு பளபளவென்று இருக்கிறதே, அதற்கு எந்த மகன் துபாயிலிருந்து அனுப்பினான்?" என்றார். அண்ணன் போனை வைத்துவிட்டார். அன்றிரவு கீரைப் பொரியலை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்!

சிரிக்கிறீர்கள். பின்லாந்தில் யாரும் சிரிக்கவில்லை. புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 1994இல் தெரிந்தது. கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான்.

மஞ்சளுக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சுவருக்குப் பின்னால் கண்மாய்க்கரைவரை சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேரோடு பிடுங்கிவிட்டு, மழைக்கு முன் முருங்கைப் போத்து நடவேண்டும். சத்துணவு சமைக்கும் அக்கா கையெட்டும் தூரத்தில் கீரை ஒடிக்கட்டும். முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான். நட்ட பேரூராட்சியும் நடக்கட்டும். வாசல் மேசையில் மனு இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தைத் தலைவர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.